கரண்ட் பில்லில் ஜிஎஸ்டி எங்கே?

கோவைப் பக்கம் லேத் பட்டறை நடத்தும் ஒருவரை வைத்துக்கொள்வோம். மாதம் பிறந்ததும் ஒரு கட்டு பில்லை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போவார். இரும்பு வாங்கிய பில், கட்டிங் டூல் பில், ஆயில், கிரீஸ், பேரிங் என்று எல்லாவற்றிலும் ஜிஎஸ்டி இருக்கும். பொருள் வாங்கும்போது கட்டிய அந்த வரியை, விற்கும்போது அரசுக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து ஆடிட்டர் கழித்துவிடுவார். கரண்ட் பில்லை மட்டும் அந்தக் கட்டிலிருந்து உருவித் தனியே வைப்பார்.

“இதுல ஜிஎஸ்டி எங்கீங்க?” என்று பட்டறைக்காரர் கேட்பார். “இல்லீங்க, கரண்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது” என்பார் ஆடிட்டர். வரி இல்லை என்பது நல்லதுதானே என்று இவரும் வந்துவிடுவார்.

இது நல்ல செய்தி இல்லை. கரண்ட் பில்லிலும் டீசலிலும் கேஸ் சிலிண்டரிலும் சிறுதொழில்காரர்கள் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது, திரும்பியும் வராது. எந்த வரி எங்கே ஒளிந்திருக்கிறது, எதைத் திரும்பப் பெறலாம், எதைப் பெற முடியாது என்று தெரிந்துகொண்டால் வீணாகப் போகும் பணத்தில் கொஞ்சமாவது கையில் நிற்கும்.

முதலில் மின்சாரம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது, பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்தையும் வெளியே நிறுத்திவைத்தார்கள். ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்கும் நாளில்தான் அவை உள்ளே வரும். மின்சாரமும் அப்படித்தான் வெளியே நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. மின்சாரம் ஜிஎஸ்டிக்கு உள்ளேதான் இருக்கிறது. அதற்கான வரியை மட்டும் விலக்கியிருக்கிறார்கள். மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் மின்கடத்தல், மின்பகிர்மானச் சேவைகளுக்கும் விலக்கு உண்டு.

ஜிஎஸ்டியில் ஒரு பொருளுக்கு விலக்கு கொடுத்தால், அதை விற்பவர் தான் வாங்கிய பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. மின்சார நிறுவனம் டிரான்ஸ்பார்மர் வாங்குகிறது, கேபிள் வாங்குகிறது, மீட்டர் வாங்குகிறது. எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி கட்டுகிறது. நம் பட்டறைக்காரர் இரும்புக்குக் கட்டிய வரியைக் கழிப்பதுபோல அதனால் கழிக்க முடியாது. அந்த வரி முழுவதும் செலவாகி, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் நிர்ணயிக்கும்போது பார்க்கிற கணக்குக்குள் போய் உட்காருகிறது. யூனிட் விலை என்று நீங்கள் கட்டும் தொகைக்குள் அந்த வரி கரைந்திருக்கிறது. பில்லில் அதற்கென்று ஒரு வரிசை கிடையாது. வரிசை இல்லாததால் கழிக்கவும் வழியில்லை.

நிலக்கரியை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 2025 செப்டம்பர் 22-க்கு முன்புவரை நிலக்கரிக்கு 5 சதவீத ஜிஎஸ்டியும் டன்னுக்கு 400 ரூபாய் இழப்பீட்டு செஸ்ஸும் இருந்தன. அன்று முதல் செஸ் போய், ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனது. 5 எங்கே, 18 எங்கே என்று பதறத் தோன்றும். கணக்குப் போட்டால் வேறு கதை. டன் 1,500 ரூபாய் நிலக்கரிக்கு முன்பு 75 ரூபாய் ஜிஎஸ்டி, 400 ரூபாய் செஸ், ஆக 475 ரூபாய். இப்போது 270 ரூபாய்தான். அதே நிலக்கரி டன் 6,000 ரூபாய் என்றால் முன்பு 700, இப்போது 1,080. ஏறக்குறைய 3,080 ரூபாய்க்குக் கீழே இருக்கும் நிலக்கரிக்கு வரி குறைந்திருக்கிறது, அதற்கு மேலே இருப்பதற்கு ஏறியிருக்கிறது. எப்படியானாலும் மின் நிலையம் கட்டும் இந்த வரி உங்கள் யூனிட் விலைக்குள்தான் வந்து சேர்கிறது.

இது போக, பில்லிலேயே வெளிப்படையாக ஒரு வரி உண்டு. மின்சார நுகர்வுக்கோ விற்பனைக்கோ வரி போடும் உரிமையை அரசியல் சாசனம் மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. மாநிலப் பட்டியலின் 53-ஆவது இனம் அது. ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்த உரிமை அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கென 2003-இல் ஒரு சட்டம் வந்தது. வணிக, தொழில் இணைப்புகளின் பில்லில் மின்வரி என்று 5 சதவீதம் வருவது அந்தச் சட்டத்தின்படிதான். ஜெனரேட்டரோ சொந்த மின் நிலையமோ வைத்து உற்பத்தி செய்து தானே பயன்படுத்தும் மின்சாரத்தையும் அந்தச் சட்டம் தொடுகிறது. தொழிற்சாலைகள் எதிர்த்து வழக்குப் போட்டன. சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் சொல்லிவிட்டது.

மாதம் 40,000 ரூபாய் மின்கட்டணம் வரும் பட்டறைக்கு 5 சதவீதம் என்பது 2,000 ரூபாய். வருடத்துக்கு 24,000. இது மாநிலத்தின் தனி வரி. ஜிஎஸ்டி கணக்கில் இதற்கு இடமே இல்லை, எனவே கழிக்க முடியாது. ஆனால் வருமான வரிக்கு லாபம் கணக்கிடும்போது மின்கட்டணமும் மின்வரியும் தொழில் செலவுதான். ஆடிட்டர் பில்லை ஜிஎஸ்டி கட்டிலிருந்து எடுத்து வைத்தார் என்பதற்காக அதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்றாலும், மின் இணைப்பைச் சுற்றியிருந்த சின்னச் சின்னக் கட்டணங்களுக்கு இருந்தது. புது இணைப்புக்கான விண்ணப்பக் கட்டணம், மீட்டர் வாடகை, மீட்டர் சோதனை, மீட்டரை இடம் மாற்றுவது, நகல் பில் எடுப்பது என எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் கட்ட வேண்டும் என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. மின்சாரம் கொடுப்பதோடு பிரிக்க முடியாமல் பிணைந்த வேலை இது, மின்சாரத்துக்கு விலக்கு இருக்கும்போது இதற்கு மட்டும் எப்படி வரி போடலாம் என்று குஜராத்தில் ஒரு மின் நிறுவனம் நீதிமன்றம் போனது. குஜராத் உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் சுற்றறிக்கையின் அந்தப் பகுதியை ரத்து செய்தது. என்றாலும் நாடு முழுக்க இந்தக் குழப்பம் தீர ஆறு வருடம் பிடித்தது. 2024 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 54-ஆவது கூட்டம் விலக்குக்குப் பரிந்துரைத்தது. அக்டோபர் 10 முதல் இந்தத் துணைக் கட்டணங்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. இன்று உங்கள் இணைப்புக்கு மீட்டர் மாற்றியதற்கான ரசீதில் 18 சதவீதம் இருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி சொல்லப்போவது வாடகைக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு. நான் பார்த்தவரை அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

மின் இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில் இருக்கும். கடைக்குக் கடை ஒரு சப் மீட்டர். மாதம் முடிந்ததும் வாடகை, பராமரிப்பு, கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரே பில், மொத்தத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று இப்போதுதானே படித்தோம், இது எப்படி என்று தோன்றும். 2023 அக்டோபர் 31 அன்று வந்த சுற்றறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. வாடகையோடு அல்லது பராமரிப்போடு மின்சாரத்தையும் ஒரே கட்டாகக் கொடுத்தால், அதில் முதன்மையானது வாடகைதான். மின்சாரம் அதற்குத் துணையாக வருவது. எனவே வாடகைக்கு என்ன வரியோ அதுவே மின்சாரத்துக்கும். கட்டட உரிமையாளர் தனியே மின்சாரத்துக்கென பில் போட்டாலும் இதே நிலைதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கை அதே சுற்றறிக்கை சொல்கிறது. மின்வாரியம் என்ன விலை போட்டதோ அதே விலையை, ஒரு பைசா கூட்டாமல், செலவானபடி வாங்கிக் கட்டினால், அவர் உங்களுக்காகப் பணம் கட்டிக்கொடுக்கும் முகவர் மட்டுமே. அந்தத் தொகைக்கு ஜிஎஸ்டி வராது. வாரியம் வாங்குவதைவிட யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகப் போட்டு வாங்கினால் இந்த விதிவிலக்கு பொருந்தாது.

18 சதவீத வரியில் பொருள் விற்கும் கடைக்காரருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. உரிமையாளர் முறையாக பில் கொடுத்தால் அந்த 18 சதவீதத்தைக் கழித்துக்கொள்வார். ஒரு மருத்துவர் வாடகைக்கு எடுத்து கிளினிக் நடத்துகிறார் என்றால், மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் அவரால் எதையும் கழிக்க முடியாது. கரண்டுக்கு 15,000 ரூபாய் ஆனால் கூடவே 2,700 ரூபாய் போய்விடும். 5 சதவீத வரியில் நடக்கும் ஓட்டலுக்கும், காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்கும் இதே கதிதான். வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே, மின்சாரம் வாரியக் கட்டணப்படி, செலவானபடி தனியாக வசூலிக்கப்படும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். முடிந்தால் கடைக்கென தனி இணைப்பு வாங்கிவிடுவது அதைவிட நல்லது.

அடுத்தது டீசல். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும். இங்கே வரி விஷயம் மிக விசித்திரமாக இருக்கிறது. ஜெனரேட்டர் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைத் தொழில்காரர் கழித்துக்கொள்ளலாம். அதைப் பழுது பார்த்தவர் போட்ட ஜிஎஸ்டியையும் கழிக்கலாம். அதற்குள் ஊற்றும் டீசலுக்குக் கட்டிய வரியை மட்டும் கழிக்க முடியாது. டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது, அதில் இருப்பது மத்திய அரசின் கலால் வரியும் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியும்.

தமிழ்நாட்டில் 2020 மே மாதம் டீசல் வரியை மாற்றி அமைத்தார்கள். விலையில் 11 சதவீதம், அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு என்று ஆனது. அந்த 11 சதவீதம், கலால் வரி ஏற்கெனவே சேர்ந்துவிட்ட விலையின் மீது போடப்படுகிறது, அதாவது வரிக்கும் சேர்த்து வரி. மாநில வரிக்கு முந்தைய விலை லிட்டர் 75 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 11 சதவீதம் 8 ரூபாய் 25 காசு. 9 ரூபாய் 62 காசைக் கூட்டினால் 17 ரூபாய் 87 காசு. மாதம் 200 லிட்டர் ஊற்றும் பட்டறை மாநில வரியாக மட்டும் 3,574 ரூபாய் கட்டுகிறது. 75 ரூபாய்க்குள் ஒளிந்திருக்கும் கலால் வரி இதில் சேரவில்லை.

முன்பு ஒரு சின்ன வழி இருந்தது. வேறு மாநிலத்திலிருந்து ‘சி’ படிவம் கொடுத்து டீசல் வாங்கினால் மத்திய விற்பனை வரி 2 சதவீதம்தான். ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தப் படிவத்தைத் தர முடியாது என்று தமிழ்நாட்டு வணிகவரித் துறை மறுத்தது. சிமென்ட் நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டு 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றது. மூன்று வருடத்தில், 2021 நிதிச் சட்டம் மத்திய விற்பனை வரிச் சட்டத்தையே திருத்தி அந்தக் கதவை மூடிவிட்டது. இப்போது எல்லோரும் பங்கில் போய்ப் பிடிக்கும் விலைக்குத்தான் டீசல்.

டீசலுக்கு நேர்மாறு கமர்ஷியல் கேஸ். 19 கிலோ சிலிண்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, வீட்டு சிலிண்டருக்கு 5 சதவீதம். சிலிண்டர் ஜிஎஸ்டிக்குள் இருப்பதால் அந்த 18 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள முடியும். யாரால் முடியும் என்பதுதான் கேள்வி. ஸ்வீட் கடைக்காரர் மைசூர்பாகு கிண்டி டப்பாவில் போட்டு விற்கிறார். அவர் விற்பது பொருள். அதற்குண்டான வரியில் சிலிண்டர் வரியைக் கழித்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே இட்லி, தோசை போடும் ஓட்டல் 5 சதவீத வரியில் நடக்கிறது. 2017 நவம்பர் 15 முதல் அந்த 5 சதவீதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே வாங்கும் எதற்கும் கட்டிய வரியைக் கழிக்கக் கூடாது. ஒரே ஏஜென்சியில், ஒரே நாளில், ஒரே விலைக்கு வாங்கிய சிலிண்டர் ஸ்வீட் கடைக்கு 1,600 ரூபாய் என்றால் ஓட்டலுக்கு 1,888 ரூபாய்.

கழிக்கும் உரிமை உள்ளவர்கள்கூடப் பலர் கழிப்பதில்லை. காரணம் மிகச் சாதாரணமானது. ஏஜென்சியில் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருக்க மாட்டார்கள். சிலிண்டரைக் கொண்டுவரும் தம்பி கொடுக்கும் சீட்டை வாங்கி ஆணியில் குத்திவைத்துவிடுவார்கள். உங்கள் எண் போட்ட பில்லாக இருந்து, ஏஜென்சி அதைத் தன் ரிட்டர்னில் காட்டி, உங்கள் பக்கத்தில் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அது தெரிந்தால்தான் கழிக்க முடியும். விட்டுப்போனதை அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30-க்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பணம் போனதுதான்.

பாய்லர் ஓட்டும் சாயப் பட்டறைகளுக்கு விறகு, நிலக்கரி, பர்னஸ் ஆயில் என்று பல வழிகள். விறகுக்கு ஜிஎஸ்டி இல்லை. நிலக்கரிக்கும் பர்னஸ் ஆயிலுக்கும் 18 சதவீதம், அதைக் கழித்துக்கொள்ளலாம். நிலக்கரிக்கு முன்பு இருந்த செஸ்ஸைச் சாதாரண ஜிஎஸ்டியில் கழிக்க முடியாமல் இருந்தது. அந்தத் தொல்லை 2025-இல் ஒழிந்தது பாய்லர்காரர்களுக்கு நல்லது. இயற்கை எரிவாயு டீசல்போல ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிறது. சூழலைக் குறைவாகக் கெடுக்கும் எரிவாயுவுக்கு மாறும் பட்டறைக்கு வரியைக் கழிக்க வழியில்லை, நிலக்கரியை எரிக்கும் பட்டறைக்கு உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவாவது எரிவாயுவை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

மின்சாரத்துக்கும் டீசலுக்கும் கட்டும் இந்த வரி, திரும்பாத சுமை என்று அரசுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 2019 மார்ச்சில் ஆயத்த ஆடை ஏற்றுமதிக்கென ‘ரோஸ்க்டெல்’ என்ற திட்டம் வந்தது. ஜிஎஸ்டியில் திரும்பக் கிடைக்காத மாநில, மத்திய வரிகளை ஏற்றுமதியாளருக்குக் கணக்கிட்டுத் திருப்பித் தருவது அது. அந்தக் கணக்கில் மின்வரி, டீசல் மீதான மதிப்புக் கூட்டு வரி, கலால் வரி எல்லாம் சேர்கின்றன. மற்ற பொருள்களின் ஏற்றுமதிக்கு 2021 ஜனவரி 1 முதல் ‘ரோட்டெப்’ என்ற திட்டம். ஆக, திருப்பூரில் ஒரே தெருவில் இரண்டு பனியன் கம்பெனிகள். ஒன்று அமெரிக்காவுக்கு அனுப்புகிறது, மற்றது நம் ஊர் ஜவுளிக் கடைகளுக்கு அனுப்புகிறது. இரண்டும் ஒரே மின்வரி, ஒரே டீசல் வரி கட்டுகின்றன. ஏற்றுமதி செய்பவருக்கு அது ஒரு பங்காகத் திரும்ப வருகிறது. உள்ளூரில் விற்பவர் அதை பனியன் விலையில் சேர்க்கிறார். அந்த பனியனை வாங்கும் நீங்களும் நானும் அதைக் கட்டுகிறோம்.

ஏற்றுமதிக்குத் திருப்பித் தர நியாயம் இருந்தால், உள்ளூர்த் தொழிலுக்குக் கழிவு தர மறுப்பதில் என்ன நியாயம் என்று தெரியவில்லை. மின்சாரத்துக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு, மின்வரியை நீக்கி, மின் நிறுவனமும் தொழில்காரரும் கழித்துக்கொள்ள வழிவிட்டால் பட்டறைக்காரருக்குச் செலவு குறையும். வீடுகளுக்கும் குடிசைகளுக்கும் விலக்கைத் தொடர வழி காண வேண்டும். மாநிலங்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்தபின் மாநிலங்கள் தாமே முடிவு செய்து வசூலிக்கக்கூடிய வரிகள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. டீசலும் மின்சாரமும் அவற்றில் முக்கியமானவை. அந்த வருமானத்துக்கு உறுதியான மாற்று தராமல் கேட்டால் எந்த மாநிலமும் தலையசைக்காது, அசைக்கவும் கூடாது. இது டெல்லியில் தீர வேண்டிய வழக்கு, தீர இன்னும் பல வருடம் ஆகலாம்.

அதுவரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். கேஸ் ஏஜென்சிக்கு நாளைக்கே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள். வாடகைக் கட்டடத்தில் இருந்தால் சப் மீட்டர் பில்லையும் வாரியத்தின் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யூனிட் விலையைப் பாருங்கள். புதுத் தொழிற்சாலை தொடங்கினால் மாநிலத் தொழில் கொள்கையில் மின்வரி விலக்கு உங்களுக்கு உண்டா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கேட்டு விண்ணப்பித்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும். கூரையில் இடமிருந்தால் சூரியத் தகடுகளைப் பற்றி யோசிக்கலாம். அவற்றின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, தொழிலுக்காகப் போட்டால் அதைக் கழித்தும் கொள்ளலாம். அடுத்த முறை ஆடிட்டரிடம் போகும்போது, கரண்ட், டீசல், கேஸ், வாடகை பில்களைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு வரி, அதில் எவ்வளவு திரும்பும் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.